மரியா கோய்ரி: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கதைப்பாடல்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் எப்படியாவது மரியா கோய்ரியை நடுவில் இழுத்துவந்துவிடுவது என் பழக்கம். பெயரைச் சொன்ன உடனே கேள்விகள் வரும். ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"யாருங்க இவங்க? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

1873-இல் மாட்ரிட்டில் பிறந்து 1954-இல் அதே ஊரில் இறந்த இலக்கிய ஆய்வாளர். ஸ்பெயினின் வாய்மொழிக் கதைப்பாடல்களைத் தேடி எடுத்து, வகைப்படுத்தி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒரு பெரிய ஆவணத் தொகுப்பாக ஆக்கிய இருவரில் ஒருவர். இன்னொருவர் அவருடைய கணவர் ராமோன் மெனெந்தெஸ் பிதால். ஸ்பானிய மொழி வரலாறு படித்தவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். ஸ்பானிய மொழி அகாடமியின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர் அவர்.

நீங்கள் மரியாவைக் கேள்விப்பட்டதில்லை என்பதில் வியப்பில்லை. ஸ்பெயினிலேயே வெகுகாலம் அவரை 'பிதாலின் மனைவி' என்றுதான் சொல்லிவந்தார்கள்.

"அப்புறம் ஏன் கணவர் பெயர் பின்னால் இல்லை? கோய்ரி என்பது அப்பா பெயரா?"

ஸ்பெயினில் கல்யாணம் ஆனாலும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. கோய்ரி என்பது அம்மா பெயர். அம்மா அமாலியா கோய்ரி, கல்யாணம் ஆகாத தாய். மகளைத் தனியாகவே வளர்த்தார்.

அந்த அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். மகளுக்கு முதலில் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். பன்னிரண்டு வயதில் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்த்தார், கூடவே பெண்களுக்கான வணிகப் பள்ளியிலும். 1880-களின் மாட்ரிட்டில் ஒரு சிறுமி உடற்பயிற்சிக்குப் போவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. பின்னால் நடந்த பலவற்றுக்கும் விதை போட்டவர் இந்த அமாலியாதான் என்பது என் எண்ணம்.

"ரோமான்சே, ரோமான்சே என்கிறீர்களே, காதல் பாட்டா?"

இல்லை. பெயர்தான் குழப்புகிறது. லத்தீனில் இல்லாமல் மக்கள் பேசும் மொழியில் இருப்பது என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். அந்த மொழியில் கதை சொல்லும் பாட்டுக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. நாம் கதைப்பாடல் என்போமே, அதுதான் ரோமான்சே. காதலும் வரும், அதோடு கொலை, போர், துரோகம், மாமியார் கொடுமை எல்லாம் வரும். அந்தப் பாட்டுகளின் மொத்தத் திரட்டை ரோமான்செரோ என்பார்கள்.

அமைப்பு எளிது. அடிக்கு எட்டு அசை. ஒன்றுவிட்டு ஒரு அடியின் கடைசியில் உயிரொலி ஒத்துப்போக வேண்டும். நம் இயைபு மாதிரிதான், ஆனால் மெய்யெழுத்து எதுவாகவும் இருக்கலாம், உயிர் ஒத்தால் போதும். 'எஸ்பாஞா', 'காமா' இரண்டிலும் முடிவில் ஆ, ஆ வருகிறது பாருங்கள், அவ்வளவுதான். இதனால் மனப்பாடம் செய்வதும் சுலபம், மறந்துபோன அடிக்குப் பதிலாக வேறொன்றைக் கட்டிப் போடுவதும் சுலபம். பதினாறாம் நூற்றாண்டில் இந்தப் பாட்டுகள் மலிவுத் தாள்களிலும் தொகுப்புகளிலும் அச்சேறி ஓகோவென்று ஓடின. பிறகு படித்தவர்களின் கண்ணிலிருந்து மெல்ல மறைந்தன.

"தேனிலவில் பாட்டு கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, அது கட்டுக்கதைதானே?"

நிஜம். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டார்கள், ஆனால் நடந்தது.

இருவருக்கும் 1900 மே 5 அன்று திருமணம். தேனிலவுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வழி, பழைய காவிய நாயகன் எல் சித் நாடு கடத்தப்பட்டுப் போன பாதை. பிதால் அந்தக் காவியத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஊர்ப் பெயர்களை நேரில் பார்க்க வேண்டும். புது மனைவி மறுப்புச் சொல்லவில்லை. அவருக்கும் அதில் அதே அளவு பைத்தியம். மே 28 அன்று வரவிருந்த சூரிய கிரகணத்தைப் பார்ப்பதற்காக பூர்கோ தெ ஓஸ்மா என்ற சிற்றூரில் தங்கினார்கள்.

அங்கே துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் மரியா பேச்சுக் கொடுத்தார். 'தடைபட்ட கல்யாணம்' என்ற கதைப்பாடலைத் தானே சொல்லிக் காட்டினார். போருக்குப் போன கணவனைத் தேடி மனைவி பரதேசி வேடத்தில் அலைந்து, அவன் இன்னொருத்தியை மணக்கும் நாளில் போய்ச் சேரும் கதை அது. 'இது எனக்கும் தெரியுமே' என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு பாட்டு, மரியா எந்தப் புத்தகத்திலும் பார்க்காத பாட்டு:

வோசெஸ் கோர்ரென், வோசெஸ் கோர்ரென்,
வோசெஸ் கோர்ரென் போர் எஸ்பாஞா
கே தோன் ஹுவான் எல் கபாயெரோ
எஸ்தா மலீத்தோ என் லா காமா.

ஊரெங்கும் பேச்சு, ஊரெங்கும் பேச்சு, ஸ்பெயின் முழுக்க ஒரே பேச்சு. வீரன் தோன் ஹுவான் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறானாம். மரியாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"ஒரு பாட்டைக் கேட்ட உடனே நானூறு வருஷம் பழசு என்று எப்படித் தெரிந்தது?"

உள்ளே இருக்கும் ஆட்களை வைத்துத்தான். கத்தோலிக்க மன்னர்கள் எனப்படும் இசபெல்லாவுக்கும் ஃபெர்டினாண்டுக்கும் ஒரே மகன் இளவரசன் ஹுவான். 1497 அக்டோபரில் சலமாங்காவில் பத்தொன்பது வயதில் இறந்துபோனான். வாரிசு போனது நாட்டையே உலுக்கியது. பாட்டில் வரும் தோன் ஹுவான் அவன்தான் என்று மரியாவும் பிதாலும் கண்டுகொண்டார்கள்.

உறுதி செய்தது ஒரு சின்ன விஷயம். ஏழு மருத்துவர்கள் பார்க்கிறார்கள், ஆனால் இன்னும் ஒருவர் வரவேண்டும், அவர் 'தெ லா பர்ரா மருத்துவர்' என்று பாட்டில் ஓர் அடி. அந்தப் பெயரில் அக்காலத்தில் உண்மையாகவே ஒரு மருத்துவர் இருந்தார். 1900-இல் துணி துவைக்கும் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அவரைப் பற்றி என்ன தெரிந்திருக்க முடியும்? பெயர் மட்டும் பாட்டோடு பாட்டாக வாய்வழியே வந்திருக்கிறது. எழுதப்பட்ட பழைய தொகுப்புகளில் இந்தப் பாட்டு இல்லை. அதனால் புத்தகத்தைப் பார்த்துப் பாடியதாகவும் சொல்ல வழியில்லை.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறோம் என்றால், அன்றைய அறிஞர்கள் ஸ்பெயினின் நடுவில் இருக்கும் காஸ்தீயப் பகுதியில் இந்தப் பாட்டு மரபு செத்துப்போய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள். அஸ்தூரியாஸ், போர்ச்சுகல், கத்தலோனியா ஆகிய ஓரப் பகுதிகளில் சேகரித்திருந்தார்கள். பிதாலின் அண்ணன் ஹுவான் மெனெந்தெஸ் பிதாலே 1885-இல் அஸ்தூரியாஸ் பாட்டுகளைப் புத்தகமாகப் போட்டிருந்தார். நடு நாட்டில் யாரும் கேட்டுப்பார்க்கவில்லை. கேட்காததால் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"அந்தக் காலத்தில் பெண்ணைப் பல்கலைக்கழகத்தில் எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்?"

சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துக்கொண்டார்கள். 1890-களின் தொடக்கத்தில் மரியா மாட்ரிட் பல்கலைக்கழகத்தின் தத்துவ, இலக்கியப் பிரிவுக்குப் போனபோது, பெண் என்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். கிடைத்த அனுமதியிலும் நிபந்தனைகள். நடைக்கூடத்தில் நிற்கக் கூடாது. தனி அறையில் காத்திருக்க வேண்டும். பேராசிரியர் வந்து கூட்டிக்கொண்டு வகுப்புக்குள் போவார். மாணவர்களோடு பெஞ்சில் இல்லை, பேராசிரியருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பாடம் முடிந்ததும் மறுபடி அந்த அறை.

வகுப்பு முழுக்கத் தன்னைப் பார்த்தபடி இருக்க, ஒவ்வொரு நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பு எடுத்திருக்கிறார். 1896-இல் பட்டம் பெற்றார். இந்த அனுமதிச் சடங்கு 1910 மார்ச்சில் வந்த அரசாணையால்தான் ஒழிந்தது.

"அப்போ ஸ்பெயினின் முதல் பெண் பட்டதாரி இவர்தானா?"

இல்லை. இதைத் திருத்துவதே எனக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது. 1882-லேயே மருத்துவத்தில் தொலோர்ஸ் அலேயு, மார்த்தீனா காஸ்தெல்ஸ் இருவரும் முனைவர் பட்டம் பெற்றுவிட்டார்கள். தத்துவ, இலக்கியப் பிரிவிலேயே மரியாவுக்கு முன்னால் மத்தில்தே பத்ரோஸ் இருக்கிறார்; அவர் 1893-இல் முனைவர் ஆனார். மரியா மிக முந்திய சிலரில் ஒருவர். 'முதல்' என்ற பட்டம் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

"பாட்டு சேகரிக்க என்ன செய்தார்? ஊர் ஊராகப் போனாரா?"

போனார், ஆனால் அது மட்டும் இல்லை. அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 1906, 1907-இல் வெளியிட்ட ஒரு பட்டியல். 'வாய்மொழி மரபில் தேடவேண்டிய ரோமான்சேகள்' என்று பெயர். எந்தெந்தக் கதை இன்னும் மக்கள் வாயில் இருக்கக்கூடும் என்று கணித்து, ஒவ்வொன்றுக்கும் தொடக்க அடிகளையும் மாதிரிகளையும் கொடுத்தார். ஆசிரியர்கள், மருத்துவர்கள், நண்பர்கள் என யார் கிராமத்துக்குப் போனாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

இது ஏன் தேவை என்பது களத்தில் ஒரு முறையாவது நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு பாட்டியிடம் போய், 'உங்களுக்கு ரோமான்சே தெரியுமா?' என்று கேட்டால் 'தெரியாதப்பா' என்பாள். அவளுக்கு அது ரோமான்சே இல்லை. அறுவடைப் பாட்டு, ராட்டைப் பாட்டு, பேரனைத் தூங்க வைக்கும் பாட்டு. படித்தவர்கள் வைத்த பெயர் அவளுக்கு எதற்கு? முதல் இரண்டு அடியை நீங்களே எடுத்துக் கொடுத்தால், 'அதுவா, எங்க பக்கம் வேற மாதிரி பாடுவோம்' என்று பிடித்துக்கொள்வாள். ஓஸ்மாவில் நடந்ததும் இதுதானே. மரியா கேள்வி கேட்கவில்லை, பாட்டைச் சொன்னார். ஏழு வருடம் கழித்து அதையே ஒரு வழிமுறையாக்கி எல்லார் கையிலும் கொடுத்துவிட்டார்.

"ஸ்பெயினுக்குள் மட்டும்தானா?"

இல்லை, அங்கேதான் விஷயம் இன்னும் சுவையாகிறது. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் மொராக்கோ, சலோனிக்கா, சராயேவோ, இஸ்தான்புல் என்று சிதறிப்போனார்கள். போகும்போது பாட்டையும் கொண்டுபோனார்கள். நாடு விரட்டிவிட்டாலும் அந்த நாட்டின் பழைய பாட்டை அவர்கள் வீட்டுப் பெண்கள் விடவில்லை. கடற்படைக் காலாட்படை அதிகாரியும் இசையமைப்பாளருமான மனுவேல் மன்ரிக்கே தெ லாரா 1911-இல் பால்கன் பகுதிக்கும் கிழக்கு மத்தியதரைக்கும், 1915, 1916-இல் மொராக்கோவுக்கும் போய்ப் பாட்டும் மெட்டுமாக எழுதிவந்தார். எல்லாம் இவர்கள் தொகுப்புக்கே வந்து சேர்ந்தன.

தென் அமெரிக்காவிலும் இருந்தது. 1905-இல் பெரு, எக்வடோர் எல்லைத் தகராறு தொடர்பாக ஸ்பானிய மன்னரின் பிரதிநிதியாகப் போன பிதால், வேலைக்கு நடுவே அங்கேயும் பாட்டு தேடினார். 1920-இல் கிரனாதாவில் பிதாலையும் மகள் ஹிமேனாவையும் ஜிப்சிகள் வாழும் தெருக்களுக்கு வழிகாட்டிக் கூட்டிப்போன இளைஞர் யார் தெரியுமா? பின்னால் பெரும் கவிஞராகப் புகழ்பெற்ற ஃபெதெரிக்கோ கார்சியா லோர்கா. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது.

"உண்மையைச் சொல்லுங்க, கணவர் பேரில் வந்ததெல்லாம் இவர் எழுதியதுதானே?"

இந்தக் கேள்வி இப்போது அதிகம் வருகிறது. முன்பெல்லாம் 'அவர் மனைவியா, குறிப்பு எடுத்துக் கொடுத்திருப்பார்' என்றார்கள். இப்போது நேர் எதிராக, எல்லாமே திருட்டு என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பேன்.

பிதால் அசுர உழைப்பாளி. மொழி வரலாறு, காவியம், இடைக்கால வரலாறு என்று அவர் எழுதிக் குவித்ததில் பெரும்பகுதி அவருடையதே. ஆனால் கதைப்பாடல் தொகுப்பு என்று வந்தால் அது இருவர் வேலை. பாட்டு வந்து சேரும். அதைப் படிக்க வேண்டும், எந்தக் கதையின் எந்த வடிவம் என்று இனம் காண வேண்டும், சீட்டு எழுத வேண்டும், ஏற்கெனவே இருப்பவற்றோடு அடிக்கு அடி ஒப்பிட வேண்டும். ஐம்பது வருடத்துக்கும் மேல் மரியா இதைச் செய்தார். இப்படிப்பட்ட வேலைக்கு அட்டையில் பெயர் போடும் வழக்கம் இல்லை. புத்தகம் எழுதுகிறவர் பெயர் நிற்கும், சீட்டு எழுதுகிறவர் பெயர் சீட்டோடு பெட்டிக்குள் போய்விடும். எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது, பிதால் மீது அவ்வளவாக இல்லை. தொகுதிகள் கடைசியில் அச்சானபோது, 1957-இல் வந்த முதல் தொகுதியிலிருந்தே மரியா கோய்ரி, ராமோன் மெனெந்தெஸ் பிதால் இருவரின் சேகரிப்பும் குறிப்புகளும் என்றுதான் போட்டார்கள். அப்போது மரியா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

"சொந்தமாக ஒன்றும் எழுதவில்லையா?"

எழுதினார். 1909-இல் முடித்த முனைவர் ஆய்வு 'வழக்கில் சிக்கிய இறந்தவள்' என்ற கதையைப் பற்றியது. கதை இதுதான்: ஒருவனைக் காதலிக்கும் பெண்ணை வேறொருவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். துக்கத்தில் இறந்துபோகிறாள். காதலன் கல்லறையைத் திறக்கிறான், அவளுக்கு உயிர் வந்துவிடுகிறது. இப்போது அவள் யார் மனைவி? புருஷன் வழக்குப் போடுகிறான். சாவோடு கல்யாணம் முடிந்துவிட்டதா இல்லையா என்பதுதான் வாதம். இந்தக் கதை நாடகத்திலும் பாட்டிலும் பிற நாட்டுக் கதைகளிலும் எப்படி எப்படி உருமாறியது என்று மரியா தொடர்ந்து போனார்.

நாடகாசிரியர் லோப்பே தெ வேகாவையும் கதைப்பாடல்களையும் பற்றிய அவர் கட்டுரைகள் 1953-இல் நூலாக வந்தன. மாணவர்களுக்காகப் பழைய நீதிக்கதைகளையும் இடைக்காலக் கதைகளையும் தொகுத்துக் கொடுத்தார். பெண்கல்வி பற்றி இளம் வயதிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். 1892-இல் மாட்ரிட்டில் நடந்த கல்வி மாநாட்டில் கலந்துகொண்டபோது வயது பத்தொன்பது. பிற்பாடு மாணவியர் விடுதியான ரெசிதென்சியா தெ செஞோரிதாஸிலும், இன்ஸ்திதூத்தோ எஸ்குவேலா என்ற சோதனைப் பள்ளியிலும் பாடம் எடுத்தார்.

"'ஸ்பெயினின் ஆபத்தான பெண்' என்று யாரோ சொன்னார்களாமே, என்ன அது?"

உள்நாட்டுப் போர்க் கதை. 1936 ஜூலையில் போர் வெடித்தபோது குடும்பம் மலைப்பக்கத்தில் சான் ரஃபாயேல் என்ற ஊரில் கோடை வீட்டில் இருந்தது. பிறகு ஆளுக்கொரு பக்கம் ஆனார்கள். பிதால் அந்த ஆண்டின் இறுதியில் நாட்டை விட்டுப் போய் கூபா, நியூயார்க், பாரிஸ் என்று இருந்தார். மரியா, அரசை எதிர்த்துக் கிளம்பிய தளபதி ஃபிராங்கோவின் படைகள் கையில் இருந்த செகோவியாவில், மகள் குடும்பத்தோடு, கண்காணிப்பில் இருந்தார்.

1937-இல் அந்தத் தரப்பு எழுதிய ரகசிய அறிக்கை ஒன்று பின்னால் வெளிவந்தது. அதில் பிதாலைப் பற்றி எழுதியிருப்பதன் சாரம்: நல்ல மனிதர், ஆனால் பலவீனமானவர், முழுக்க மனைவி சொல்படி நடப்பவர். மரியாவைப் பற்றி: பெரும் திறமையும் படிப்பும் அசாத்திய வேகமும் உள்ளவர், கணவரையும் பிள்ளைகளையும் கெடுத்தவர், பேசியே ஆளை மயக்கிவிடுவார், ஸ்பெயினிலேயே மிக ஆபத்தானவர்களில் ஒருவர். அறுபது வயது தாண்டிய, பாட்டுச் சீட்டு எழுதும் ஓர் அம்மாவைப் பற்றி! அவர் எந்தக் கட்சியையும் நடத்தியவர் இல்லை. பெண்கள் படிக்க வேண்டும், பள்ளி மாற வேண்டும் என்றார். அது போதுமானதாக இருந்தது. சிரிப்பு வந்தாலும், அவருடைய ஆளுமைக்கு எதிரிகள் கொடுத்த நற்சான்றிதழாகத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

"போருக்கு அப்புறம்?"

வெளியில் அவர்களுக்கு இடமில்லை, வீட்டுக்குள் வேலை நடந்தது. மாட்ரிட்டின் சாமர்த்தின் பகுதியில், ஒலிவ மரங்கள் சூழ்ந்த வீடு அது. அவர் பாடம் எடுத்த சோதனைப் பள்ளியைப் புதிய ஆட்சி மூடிவிட்டது. மகள் ஹிமேனா 1940-இல் இரண்டு தோழியருடன் சேர்ந்து எஸ்தூதியோ என்ற பள்ளியைத் தொடங்கி, பழைய கல்வி முறையைச் சத்தமில்லாமல் காப்பாற்றினார். மரியாவும் அதில் கைகொடுத்தார். ஹிமேனாவின் கணவர் மிகேல் கத்தலான் பெரிய நிறமாலை இயற்பியலாளர், அது தனிக் கதை. அவர்கள் மகன் தியேகோ கத்தலான் பாட்டியின் சீட்டுப் பெட்டிகளுக்கு நடுவிலேயே வளர்ந்து அதே துறைக்கு வந்தார்.

"பாட்டுகளை இவர்களே திருத்தி அழகாக்கிப் போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அப்படியா?"

பாதி சரி. 1928-இல் பிதால் பொது வாசகர்களுக்காக ஒரு தொகுப்பு வெளியிட்டார், மிகவும் பிரபலமானது. அதில் ஒரே பாட்டின் பல வடிவங்களிலிருந்து நல்ல அடிகளை எடுத்துக் கோத்து ஒரே வடிவமாகக் கொடுத்திருந்தார். அதை மறைக்கவில்லை. பாடுகிற ஒவ்வொருவரும் மாற்றித்தானே பாடுகிறார்கள், நானும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி என்பது அவர் வாதம். வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் மேசையில் ஐம்பது வடிவங்களை விரித்து வைத்துப் பொறுக்குகிறவரும், பாட்டியிடம் கேட்டதைப் பாடுகிற பேத்தியும் ஒன்றா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆவணத் தொகுப்பு வேறு. அங்கே ஒவ்வொரு வடிவமும் தனித்தனியாக, எந்த ஊரில் யார் எழுதிக்கொண்டது என்ற விவரத்தோடு கிடக்கிறது. திருத்திய பாட்டைக் காட்டி மொத்தத் தொகுப்பையும் குறை சொல்வது நியாயமில்லை.

"அந்தத் துணி துவைத்த பெண்ணின் பெயர் என்ன?"

இதைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவி. அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி, அதன் பிறகு நானே கேட்டுக்கொள்கிற கேள்வி. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'லா செக்கேராவில் பிறந்த சலவைப் பெண்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊர் இருக்கிறது, தொழில் இருக்கிறது. மரியாவின் பெயர் பெட்டிக்குள் போனதைப் பற்றி மேலே கோபப்பட்டேனே, அந்தப் பெட்டிக்கும் அடியில் இவள் இருக்கிறாள்.

"அந்தத் தொகுப்பு இப்போ எங்கே? யாராவது இன்னும் பாடுகிறார்களா?"

சாமர்த்தின் வீடு இன்னும் இருக்கிறது. பிதால் பெயரிலான அறக்கட்டளை அங்கே இருந்து தொகுப்பைப் பார்த்துக்கொள்கிறது. தொகுப்பின் பெயரில் இப்போது பிதாலும் கோய்ரியும் சேர்ந்தே இருக்கிறார்கள். ரோமான்செரோ தொகுதிகள் 1957-இலிருந்து 1985 வரை பன்னிரண்டு வந்தன.

பாடுவது பற்றி: 1977-இல் பேரன் தியேகோ கத்தலான் மாணவர் குழுக்களைக் கூட்டிக்கொண்டு வட ஸ்பெயின் கிராமங்களில் இறங்கினார். டிரான்சிஸ்டர், டி.வி. எல்லாம் வந்துவிட்டன, இனி என்ன மிச்சம் இருக்கப்போகிறது என்றார்கள். ஒலிநாடாப் பெட்டியோடு போனவர்கள், முதல் அடியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த கிழவிகள் மீதியைப் பாடினார்கள்.